சரி சொல்லும் சொர்ணம்

"படத்துல அஞ்சு சிகரம் போட்டுருக்கு. நீ நாலுதான் காட்டுற?"

"அஞ்சாவது சிகரத்துல பருந்து குஞ்சு பொரிச்சிருக்கு அண்ணாச்சி. அந்தப் பாதையை மூடிட்டாங்க."

"அப்ப அதுக்குப் பதிலா ஒரு அருவி சேத்துக் குடு."

"அருவி மலையில இருக்கு அண்ணாச்சி. என் மேசைக்குக் கீழ இல்ல."

தவசிலிங்கம் அண்ணாச்சி குனிந்து மேசைக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டார். விற்கிறவர்கள் நல்ல சரக்கை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள் என்பது அவர் அனுபவம்.

இடம் சீனத்து யீவூ நகரம். உலகத்தில் எங்கே ஒரு பெண் தலையில் கிளிப் குத்தினாலும் அந்தக் கிளிப் இந்த ஊர் வழியாகத்தான் போயிருக்கும். விருதுநகர் பஜாரில் 'தவசி பேன்சி ஸ்டோர்' நடத்துகிற அண்ணாச்சி வருஷம் தவறாமல் இங்கே கொள்முதலுக்கு வருகிறவர். எதிரே உட்கார்ந்திருந்த சூ லான், ஒரு காலத்தில் தமிழ் வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மொழிபெயர்க்கும் பொத்தான் எல்லார் காதிலும் ஏறிய பிறகு அவள் பிழைப்பில் மண் விழுந்தது. இப்போது யுன்ஷி மலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்பாடு செய்துகொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். சிவகாசிக்காரர்களிடமும் விருதுநகர்க்காரர்களிடமும் கற்ற தமிழ். கோபப்பட வரும், பேரம் பேச வரும், சரக்கைக் குறை சொல்ல வரும். கவிதை மட்டும் வராது.

"ஒத்திகை பாக்காம யாரையும் மலைக்குள்ள விடமாட்டாங்க, அண்ணாச்சி. சட்டம்."

"என்னம்மா ஒத்திகை? மலை என்ன நாடகமா?"

"முன்னாடியெல்லாம் கூட்டம் தாங்காது. வந்து சண்டை போட்டாங்க, காலை ஒடிச்சுக்கிட்டாங்க, குப்பை போட்டாங்க. இப்ப அந்தச் சண்டையை, குப்பையை எல்லாம் ஒத்திகையிலயே முடிச்சிட்டுப் போயிறணும். அந்த நாற்காலியில உக்காந்து தொப்பி மாட்டிக்கிட்டா, உள்ள ஒரு நாள் முழுக்க நடக்கும். வெளியில ஒரு டீ ஆறுற நேரம். அந்த நாள் பிடிச்சிருந்தா உறுதி பண்ணலாம். பாதிப் பேர் ஒத்திகையோட திருப்தியாகி வீட்டுக்குப் போயிர்றாங்க. மலைக்கு அது ஓய்வு."

"இதுக்குத் தனியா காசு?"

"மலை நிர்வாகமே ஏத்துக்குது. எத்தனை தடவை வேணாலும் பாக்கலாம்."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்தார்.

இந்த முறை அவர் மனைவி சொர்ணலதாவும் கூட வந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த மலை ஒன்றைத்தான். கேட்ட விதம்தான் அண்ணாச்சியை இந்தக் கடைக்கு இழுத்து வந்தது. "ஒரே ஒரு நாளு. அந்த மலை. பிளான் நீங்களே போடணும். மகளக் கேக்கக் கூடாது, என்னையும் கேக்கக் கூடாது. எனக்கு எது ஒத்துவரும்னு உங்களுக்கு இத்தன வருஷத்துல தெரிஞ்சிருக்கும்ல? அத வச்சுப் போடுங்க. தெரியலைன்னா ஊருக்குப் போனதும் நான் கோயம்புத்தூருல மக வீட்டுல போயி இருந்துக்கிருவேன். கடையை நீங்க பாத்துக்கங்க." இதைக் கத்தியிருந்தாலாவது அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். கடையின் ஷட்டரை இறக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்னால் செய்வாள்.

"மதினியை ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டாள் சூ லான்.

"அவளைக் கேக்காம நானே போடணுமாம்."

"அப்ப நீங்க சொல்றதை வச்சு மெஷின் மதினியைச் செஞ்சுக்கும். உள்ள உங்ககூட வருவாங்க. சில கேள்வி கேக்குறேன். மதினிக்கு உயரம்னா பயமா?"

"பயமா? பரண்ல ஏறிப் பெட்டி எடுக்கிறவ அவதான்."

"என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

"நான் சாப்பிடுறத."

"எதைப் பாத்தா சிரிப்பாங்க?"

அண்ணாச்சி மோவாயைத் தடவினார். "நல்ல ஏவாரம் ஆச்சுன்னா..."

"அது நீங்க, அண்ணாச்சி. நான் மதினியைக் கேட்டேன்."

"வீட்டுல இருக்கவதான? சிரிச்சிருப்பா. நான் கடையில இருந்துருப்பேன்."

"கோபம் வந்தா என்ன பண்ணுவாங்க?"

"அதுக்கும் நான் கடையிலதான் இருந்துருப்பேன். ஏம்மா, பொண்ணு பாக்கவா வந்துருக்க, இத்தன கேள்வி? இப்படிப் போட்டுக்க: எல்லாத்துக்கும் ஒத்துவரும். டேமேஜ் கிடையாது, ரிட்டன் கிடையாது."

சூ லான் எழுதுகோலைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, நீங்க குடுக்கிற துணியிலதான் இது தைக்கும். குட்டையா குடுத்தா குட்டையாத்தான் வரும்."

"குட்டையா இருந்தா எடை கம்மி. தை."

முதல் ஒத்திகை அற்புதமாக இருந்தது.

காலையில் மலையேறும் பேருந்து. வளைவுக்கு வளைவு மூங்கில் காடு விலகி வழிவிட்டது. மேலே போனால், மேகம் தலைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டுக் காலுக்குக் கீழே வந்து கிடந்தது, மெத்தைக்கடைக்காரன் பஞ்சைக் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி. வெறும் பாறையின் பிளவில் ஒரு பைன் மரம் யாரையும் கேட்காமல் வளர்ந்து நின்றது. அவித்த சோளம் வாங்கி, ஒரு திட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் அதே நீலச் சேலை, அதே மூக்குத்தியோடு சொர்ணம். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "அருமைங்க" என்றாள். அண்ணாச்சி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி பையில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

தொப்பியைக் கழற்றியபோது டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கண்ணுல ஏதோ தூசி," என்றார்.

"உறுதி பண்ணிருவோமா அண்ணாச்சி? நாளைக்கு ரெண்டு இடம் இருக்கு."

'பண்ணிரு' என்றுதான் அவர் மனது சொன்னது. ஆனால் வாய் அப்பா காலத்திலிருந்து பழக்கப்பட்ட வாய். காட்டிய முதல் உருப்படியையே நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவனுக்கு அவர்கள் வீட்டில் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்கி, கூரையைப் பார்த்து, அந்த வாய் தானாகச் சொல்லிற்று:

"ம்ம்... பாக்கலாம். வேற என்ன வச்சிருக்க?"

சூ லானுக்குத் தெரிந்த வாய்தான் அது. பெருமூச்சு விட்டு வேறு காட்டினாள்.

இரண்டாவது ஒத்திகையில் நாலு சிகரத்தையும் சேர்த்துக்கொண்டார். ஓட்டமாய் ஓடியதில் எந்தச் சிகரத்தில் எந்த மேகம் என்பது குழம்பிவிட்டது. "வேகமா நடப்பமா?" என்றபோது சொர்ணம் "சரிங்க" என்றாள். அடுத்ததில், மேகம் திரள்கிற நேரம் பார்த்து சிவகாசியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "பேசிக்கவா?" "பேசிக்கங்க." அதற்கடுத்ததில் ஒரு குரங்கு அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. வாழைப்பழம் கொடுத்துப் பையை மீட்டுவிடலாம் என்று சூ லான் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணாச்சி அரைப் பழத்தில் ஆரம்பித்தார். குரங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மலைமேல் பகல் முழுக்க அந்தப் பேரத்திலேயே போயிற்று. சொர்ணம் ஓரமாய் நின்று, "நல்லாப் பேசுறீங்க" என்றாள்.

இப்படிச் சொல்கிற மனைவியோடு சுற்ற எந்த மனிதனுக்குத்தான் அலுக்கும்? அண்ணாச்சிக்கு உள்ளே இருந்த அந்தச் சொர்ணத்தைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதும் துணிச்சல் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு தலைக்கிளிப் தொழிற்சாலை இருப்பது அவருக்கு முன்பே தெரியும்.

"போற வழிதான சொர்ணம். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவமா?"

"போயிருவோம்ங்க."

ஒரு எட்டு, அடுத்த ஒத்திகையில் பாதிக் காலையாயிற்று. அதற்கடுத்ததில் மதியச் சாப்பாடும் தொழிற்சாலைக்காரர் செலவில் முடிந்தது. கடைசியில், "நீ இங்கயே உக்காந்திரு, கண்ணாடி வழியா மலை தெரியுதுல்ல?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுதுங்க" என்றாள். பொழுது சாயப் போகும்போது ரோப் காரில் ஏறி, மேலே போய், இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வந்தார்கள். "மலை பாத்தாச்சு. சந்தோஷமா?" "ரொம்பச் சந்தோஷம்ங்க."

வெளியே வந்த அண்ணாச்சியின் முகத்தில், லாரி நிறைய சரக்கை அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தவரின் ஒளி இருந்தது. பேரத்தில் ஜெயித்தாகிவிட்டது. தோற்றது யார் என்று பார்க்கத்தான் தோன்றவில்லை.

"இதையே எழுதிக்க."

"அண்ணாச்சி, இது மலைச் சுற்றுலா இல்ல. கிளிப் சுற்றுலா."

"அவளே சரின்னுட்டா, உனக்கென்ன?"

"மதினி எப்ப சொன்னாங்க?"

"இப்ப உள்ள சொன்னாளே, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

மதியம், யீவூவில் மதுரைக்காரர் ஒருவர் நடத்துகிற மெஸ்ஸில் வைத்து அண்ணாச்சி மனைவிக்குத் திட்டத்தை விவரித்தார். அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பேசினார். அவள் பிய்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு ஒத்துவரும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான். தடவைக்குத் தடவை கேட்டுக்கிட்டேன். எல்லாத்துக்கும் சரின்னுட்ட."

"என்னையக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"உன்னைய எங்க கேட்டேன்? உன்னைய மாதிரியே ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. அதத்தான் கேட்டேன்."

"செஞ்சு குடுத்தாங்களா?"

"தத்ரூபம்! அதே சேலை, அதே மூக்குத்தி. ஒரே ஒரு வித்தியாசந்தான்."

"என்ன வித்தியாசம்?"

இந்த இடத்தில் பரோட்டாவை வாயில் வைத்துக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். கை ஒரு நொடி பிந்திவிட்டது.

"பேச்சு கொஞ்சம் கம்மி."

சொர்ணம் தண்ணீர் குடித்தாள். நிதானமாகக் குடித்தாள்.

"அவகூட எத்தன நாளு சுத்துனீங்க?"

"நாளா? ஒரு டீ ஆறுற நேரம்மா அது!"

"வெளிய டீ. உள்ள?"

அண்ணாச்சி மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு இருமினார். "ஒரு வாரம் இருக்கும்."

"கல்யாணமாகி எங்கூட சேந்தாப்புல ஒரு வாரம் சுத்திருக்கீங்களா நீங்க?"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த திருப்பூர்க்காரர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பரிமாறுகிறவர் குருமா வாளியோடு அப்படியே நின்றார்.

"கையக் கழுவுங்க," என்றாள் சொர்ணம். "எனக்கு அவளப் பாக்கணும்."

சூ லான் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வியாபாரிகளின் மனைவிமார் கடைக்குள் நுழைகிற நடையிலேயே விஷயத்தைத் தெரிந்துகொள்கிற அனுபவம் அவளுக்கு உண்டு.

"ரெண்டு நாற்காலி போடு தங்கச்சி. முத ஒத்திகை எதோ அது. அவளும் வரட்டும். இவுகளும் வரட்டும்."

"நான் எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"பைய யாரு தூக்குறது?"

ஆக, மலைக்கு மூன்று பேராகப் போனார்கள். ஒரு புருஷனும் இரண்டு சொர்ணமும். அண்ணாச்சி பின்னால் பையோடு நடந்தார். முன்னால் இரண்டு நீலச் சேலைகள். நிஜச் சொர்ணம், மொத்தக் கடையில் மாதிரித் துணி பார்ப்பதுபோல் மற்றவளின் கொசுவத்தை இழுத்துப் பார்த்தாள்.

"மடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு என்ன பிடிக்கும்?"

"அவுகளுக்குப் பிடிச்சது, அக்கா."

"அவுகளுக்கு என்ன பிடிக்கும்?"

செய்யப்பட்டவள் யோசித்தாள். யோசிப்பதுபோல் நின்றாள். "அத யாரும் எங்கிட்ட சொல்லலியே, அக்கா."

"வெயில் அடிக்குதா ஒனக்கு?"

"நீங்க சொன்னா அடிக்குது."

"கால் வலிக்குதா?"

"வலிக்கணுமா அக்கா?"

சொர்ணத்தின் முகத்திலிருந்து கோபம் இறங்குவதை அண்ணாச்சி பார்த்தார். அது இறங்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கோபமென்றால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவள் இப்போது அந்த இன்னொருத்தியைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. தான் செய்யச் சொன்ன சரக்கை இன்னொருவர் அப்படிப் பார்ப்பது எந்த வியாபாரிக்கும் பிடிக்காது.

"வா. இங்கன உக்காரு. ஒண்ணும் செய்ய வேணாம். மேகத்தப் பாரு."

இரண்டு பேரும் திட்டில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாவதாய் உட்கார இடமிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அண்ணாச்சி பைன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கால் நடுங்குது, பாத்தியா?" என்றாள் சொர்ணம். "ஒசரம்னாலே பயம் எனக்கு. சின்னதுல இருந்தே."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பயமா? பரண்ல ஏறுவியே!"

"ஏறுவேன். பயந்துக்கிட்டே ஏறுவேன்." அவள் திரும்பாமல் சொன்னாள். "யாரு கேட்டா?" பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் தொடர்ந்தாள். "பரோட்டாவும் எனக்கு ஆகாது. நெஞ்சக் கரிக்கும். அன்னாடம் இவுக பார்சல் வாங்கிட்டு வருவாக, பாவம் ஆசையா. வேணாம்னு எப்படிச் சொல்ல?"

"ஆமாக்கா."

"எல்லாத்துக்கும் ஆமா போடாத. வேணாம்னு ஒருதடவ சொல்லு பாப்போம்."

"சொல்றேன்க்கா. வேணாம்."

"எது வேணாம்?"

"நீங்க எது சொல்றீங்களோ அது."

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ தேற மாட்ட. ஏன் இந்த மலைக்கு வரணும்னேன் தெரியுமா? கல்லாவுல உக்காந்துருப்பேன்ல, விடியக் கண்ணு முழிச்சதுலருந்து எம்மூஞ்சியப் பாக்குறவன் எல்லாம் விலை கேட்டுத்தான் பாக்குறான். படத்துல இந்த மலையப் பாத்தப்ப, அங்கன போனா ஒருத்தனும் எங்கிட்ட விலை கேக்க மாட்டான்னு பட்டுச்சு. அவ்வளவுதான்."

மனைவி தன்னைப் பற்றி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, அந்த இன்னொருத்தியைச் செய்தவர் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரிந்துகொண்டதைவிட அன்றைக்கு அதிகம் தெரிந்துகொண்டார். நடுவே இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். மேகம் கூடத் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் சொர்ணம் தொப்பியைக் கழற்றித் தலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "தங்கச்சி, நெஜத்துக்கும் நாளைக்கு இந்த நாளு கெடைக்குமா?"

"காலையில ரெண்டு இடம் இருந்துச்சு மதினி. அண்ணாச்சி வேற காட்டுன்னாங்க. அதுக்குள்ள ஒண்ணு போயிருச்சு. ஒண்ணு இருக்கு."

"அந்த ஒண்ணப் போடு."

அண்ணாச்சி பதறிப்போனார். அவளோடு மலைக்கு ஏற முடியாமல் போனது ஒரு பக்கம். ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமல், ஒரு தடவை உதட்டைப் பிதுக்காமல், கேட்டதற்குச் சரியென்று ஒருத்தி பொருள் வாங்குவதை அவர் குடும்பத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுநாள் அவள் தனியாகப் போனாள். அண்ணாச்சி மலை வாசலில், உள்ளே விடாத கூட்டத்தோடு ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். எதிரே சாலைக்கு அந்தப்புறம்தான் கிளிப் தொழிற்சாலை. அவர் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனார், அதுவும் தண்ணீர் குடிக்க.

மாலையில் இறங்கி வந்தவளின் மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. முகத்தில் இருந்த களையை அவர் ஒத்திகையில்கூடப் பார்த்ததில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு." கொஞ்சதூரம் நடந்தபின் சொன்னாள். "ஊருக்குப் போயி மறுநாளே கோயம்புத்தூர் கெளம்புறேன்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். எந்த விலையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

கணக்கு முடிக்க சூ லான் கடைக்குப் போனபோது அவள் கேட்டாள். "அந்த மதினியை அழிச்சிரவா அண்ணாச்சி? இல்ல, கொண்டு போறீங்களா? சொல்லிச் செஞ்சவங்களுக்கு உரிமை உண்டு. சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மாதான். ஆனா அவங்களை மலைக்குன்னு தச்சது. மத்ததுக்கு ஆகுமான்னு..."

சும்மா என்ற சொல்லுக்குப் பிறகு வருவது எதுவும் அண்ணாச்சியின் காதில் விழுந்ததில்லை. ஆனாலும் பழைய அண்ணாச்சி இல்லை அவர். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"கொண்டு வாங்க," என்றாள் சொர்ணம். "கல்லாவுல எனக்கு மாத்து ஆள் வேணும்ல?"

ஊர் திரும்பிய மறுநாள், சொன்னபடியே நிஜச் சொர்ணம் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். தவசி பேன்சி ஸ்டோரின் கல்லாவில் பில் போடும் திரை ஒன்று உண்டு. அதில் செய்யப்பட்டவளை இறக்கினார்கள். அதே மூக்குத்தி, அதே நீலச் சேலை, பின்னால் வளையல் அடுக்கு. வழியில் போகிறவர்கள் சொர்ணம்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பஜாரில் சொர்ணத்தின் கல்லா பெயர்பெற்றது. அங்கே விலை குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவள் ஏறிட்டுப் பார்ப்பாள். பார்வையிலேயே முழுப் பணமும் கைக்கு வந்துவிடும்.

அண்ணாச்சி குடோனுக்குப் போயிருந்த நேரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணச் சாமான் வாங்க ஒரு அம்மாள் வந்தாள். வளையல், ரிப்பன், பொட்டு எல்லாம் எடுத்து வைத்தபின், நம்பிக்கையே இல்லாமல், வாய்ப் பழக்கத்தில் கேட்டாள்.

"கொஞ்சம் கொறச்சுப் போடக் கூடாதா?"

"சரிங்க," என்றது கல்லா.

அம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னுங் கொஞ்சம்?"

"சரிங்க."

"இந்தக் கிளிப்பெல்லாம் சும்மா தரலாமே?"

"தரலாம்ங்க."

செய்தி பஜாரைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்களையும் இறக்கிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி திரும்பி வந்தபோது தெருவில் வண்டி போக வழியில்லை. தீபாவளிக்குக்கூட இப்படிக் கூடியதில்லை. ஒரு கணம் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணம் பில்லைப் பார்த்தார்.

"சொர்ணம்! என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"கேட்டா குடுத்துருவியா?"

"குடுக்கக் கூடாதாங்க?"

"கூடவே கூடாது!"

"சரிங்க."

வரிசையில் முன்னால் நின்ற ஆள் எட்டிப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி சும்மா சொல்றாரு. நீ குடு தாயி."

"சரிங்க."

அண்ணாச்சி ஜனங்களை வெளியே தள்ளி ஷட்டரை இழுத்து விட்டார். வெளியே கல்லெறியாத குறையாகச் சத்தம். திரையின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க, "ஒன்னைய நிறுத்திரப் போறேன்," என்றார்.

"சரிங்க."

அவளுடைய மூக்குத்தி மினுங்கிற்று. மலைத் திட்டில் உட்கார்ந்து அருமைங்க என்று சொன்ன அதே முகம். சுவிட்சில் இருந்த கை அசையவில்லை. அதற்கும் சரியென்று சொன்னவளை எப்படி நிறுத்துவது? கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டு மூடிவிட்டு, கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். காதில் வைத்துப் பேசத் தெம்பில்லை. மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சொர்ணம். நீ வந்துரு."

"ஏன்? ஆளுதான் இருக்காளே."

நடந்ததைச் சொன்னார்.  

"அவ எங்க இப்ப?"

"துண்டப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

"நான் வரணும்னா சில விஷயம் இருக்கு. பரண்ல இனிமே நீங்கதான் ஏறணும்."

"சரி."

"வாரத்துல ஒரு நாளு நான் கல்லாவுல உக்கார மாட்டேன்."

"சரி."

"பரோட்டா வேணாம்."

"சரி."

"வருஷத்துக்கு ஒரு மலை. ரெண்டு பேரும்."

"சரி."

"இல்ல, ரெண்டு மலை."

"சரி."

 சொர்ணத்தின் குரல் மாறிற்று.

"யாரு பேசுறது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"என்ன சொர்ணம், நான் ஒம் புருஷன்..."

"அவளும் அப்படித்தான் சொர்ணம்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கா. உண்மையச் சொல்லுங்க. அந்தச் சூ லான் உங்களையும் தச்சு அனுப்பிட்டாளா? எம் புருஷன் எங்க? அவுகள என்ன பண்ணுனீங்க?"

குரலில் பயம் இருந்தது. தனக்காக அவள் பயந்து அண்ணாச்சி கேட்டதில்லை.  தன்னைத் தானென்று எப்படி நிரூபிப்பது? கல்யாணத் தேதி, மகள் பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். துண்டால் மூடிய திரையைப் பார்த்தார். தெரு நிறைய நின்ற ஜனங்களின் சத்தத்தைக் கேட்டார். பிறகு, பல நாள் பட்டினி கிடந்தவன் இலைக்கு முன்னால் உட்காருவதுபோல, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மலையெல்லாம் கட்டுப்படியாகாது சொர்ணம். ஒன்றரைன்னு வச்சுக்குவோம்."

"அரை மலைன்னா என்னங்க அர்த்தம்?"

"பாதி வரைக்கும் ஏறிட்டுத் திரும்பிர்றது."

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. நீங்கதான்." குரல் தெளிந்து, கல்லாவில் உட்காருகிற குரலாயிற்று. "அரை மலையெல்லாம் ஒத்துக்க முடியாது. ரெண்டுன்னா ரெண்டு. இல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"ரெண்டாவது மலை பக்கத்து மலையா இருக்கணும். அழகர் மலை."

"அழகர் மலை ஒரு மலையா? ரெண்டும் மேகம் வர்ற மலையா இருக்கணும். ரெண்டு நாளும் போனு வீட்டுல. என்ன, முடிச்சிருவமா?"

அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். கூரையைப் பார்த்தார். பாக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சரிங்க," என்றது துண்டுக்குள்ளிருந்து கல்லா.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்கள்ல?" என்றாள் சொர்ணம். "கல்லாவுல சொன்னா கடை சொன்ன மாதிரி. காலையில பஸ் ஏறுறேன். மொதல்ல அவ மேல கெடக்குற துண்ட எடுங்க, பாவம்."